ஆக்லாந்து எழுத்து – 7: விதைநெல்

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு உங்களை விட்டுவிட்டுப் போனேன்.

சூரிச்சிலிருந்து மார்ட்டின் மேக்லர் கேட்ட கேள்வி அது. நீங்கள் எழுதிய மென்பொருள் நன்றாக இருக்கிறது. அதன் மூலநிரலை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே?

கேட்டவர் ஸ்விட்சர்லாந்தில். பதில் சொல்ல வேண்டியவர்கள் உலக வரைபடத்தின் கீழ் மூலையில், ஆக்லாந்தில். இடையில் பத்து மணி நேர வித்தியாசம். சூரிச்சில் மேக்லர் காலையில் வேலையைத் தொடங்கும்போது ஆக்லாந்தில் இருட்டியிருக்கும். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். ஆல்பர்ட் பூங்காவை ஒட்டிய பல்கலைக்கழகக் கட்டடங்களில் மாலை ஐந்தரைக்கெல்லாம் விளக்கு போட்டாக வேண்டும்.

அந்தக் கட்டடங்களில் ஒன்றில் இரண்டு பேர்.

ராஸ் இஹாக்கா. ராபர்ட் ஜென்டில்மன்.

இருவர் பெயரும் ஒரே ஆங்கில எழுத்தில்தான் தொடங்குகிறது. அந்த எழுத்தையே தங்கள் மென்பொருளுக்கும் பெயராக வைத்தார்கள். ஆர். பெல் ஆய்வகத்தின் எஸ் என்ற புள்ளியியல் மொழிக்கு ஒரு செல்லச் சீண்டலும் அதில் உண்டு என்று மூன்றாவது வாரமே சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்த ஆரை என்ன செய்வது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் இன்றைக்கு நீங்கள் லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டி, முன்பின் தெரியாத யாரோ எழுதிய ஆர் பேக்கேஜை உங்கள் கணினிக்குள் இறக்குகிறீர்களே, அந்த வழி அன்று அந்த இருவர் சொன்ன பதிலிலிருந்துதான் பிரிந்து வந்தது. ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

அதுவரை அவர்கள் உலகத்துக்கு என்ன கொடுத்திருந்தார்கள்?

அரிசி.

கம்பைல் செய்து முடித்த ஆரை, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டாட்லிப் களஞ்சியத்தில் போட்டுவைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. பிழை தென்பட்டால் ஆக்லாந்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரிசியைப் பொங்கிச் சாப்பிடலாம். விதைக்க முடியுமா?

மேக்லர் கேட்டது விதைநெல்லை.

அவர் ஏன் கேட்டார்? அவர் சூரிச்சின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பார்த்தவர். எஸ் மொழியில் ஊறியவர். அந்த எஸ்ஸின் உரிமம் 1993-இல்தான் முழுமையாக ஒரு தனி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. தினமும் புழங்கும் கருவிக்கு இன்னொருவர் பூட்டுப் போட்டுக்கொண்டு போவதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. அதே நேரத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் இயக்கம், பூட்ட முடியாத ஒரு உரிமத்தை எழுதி வைத்திருந்தது. ஜி.பி.எல். அந்த உரிமத்தில் இருப்பதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். விளைச்சலை விற்கிறவன் விதைநெல்லை மறைக்கக் கூடாது.

மேக்லருக்கு அந்த உரிமம்தான் வேண்டும். ஆர் அதன்கீழ் வரவேண்டும்.

இந்தப் பக்கம் இஹாக்கா. அவர் மனத்தில் இருந்தது வேறு.

மாவோரி வழிவந்தவர். பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆர் பிறப்பதற்கு வெகு முன்னால் அவருக்கு ஒரு சின்ன அவமானம் நேர்ந்தது. ஸ்கீம் என்ற மொழியில் எளிதாகச் செய்துவிடக்கூடிய ஒரு வித்தையை ஒருவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. கையில் ஸ்கீம் இல்லை. இருந்தது எஸ்தான். அதிலேயே செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார்.

ஓடவில்லை.

எஸ்ஸின் விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எஸ் மொழியில் சேர்க்க வேண்டியவை இருக்கின்றன என்ற எண்ணம் அன்று அவருக்குள் விழுந்தது. பல வருடம் அப்படியே கிடந்தது.

அந்த வித்தை என்னவென்று பார்த்துவிடுவோம். ஆர் நிறுவிய கணினி பக்கத்தில் இருந்தால் ஸ்கோப்பிங் என்ற டெமோவை ஓட்டிப் பாருங்கள். இன்றைக்கும் உள்ளேயே இருக்கிறது. வங்கிக் கணக்கு திறக்கும் சின்ன விளையாட்டு. ராஸ் பெயரில் 100 டாலரோடு ஒரு கணக்கு. ராபர்ட் பெயரில் 200 டாலரோடு இன்னொன்று. ராஸ் 30 எடுக்கிறார். அவர் கணக்கில் மீதி 70. ராபர்ட்டின் 200 அப்படியே இருக்கிறது. ராஸ் 50 போடுகிறார், 120 ஆகிறது. அப்புறம் துணிந்து 500 எடுக்கப் பார்க்கிறார். அவ்வளவு பணம் உங்களிடம் இல்லை என்று கணினி கையை விரிக்கிறது.

ஒவ்வொரு கணக்கும் தன் மீதியைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒன்றின் பையில் இன்னொன்று கைவிட முடியாது. சின்ன விஷயம்தான். அன்று எஸ்ஸில் ஓடாமல் போனது இப்படிப்பட்ட வித்தைதான். தோற்றுப்போன ஒரு செய்முறையை எத்தனை வருடம் மனத்தில் வைத்திருந்து, கடைசியில் தன் மொழியில் ஓட்டிக் காட்டி, அதில் தன் பெயரையும் நண்பன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார் பாருங்கள்! இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை இவ்வளவு தொட்டது வேறொன்றும் இல்லை.

ஜென்டில்மனுக்கோ வகுப்பறைக் கவலை. கனடாக்காரர். துறையின் ஆய்வகத்தில் மெக்கின்டாஷ் கணினிகள் இருந்தன. மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க அவற்றில் ஓடும் நல்ல மென்பொருள் இல்லை. கடையில் விற்றதும் சரிப்படவில்லை. நடைக்கூடத்தில் இஹாக்காவைப் பார்த்து, நாமே ஏதாவது எழுதுவோமா என்று கேட்டார். ஜாலியாக இருக்குமே என்றார் இஹாக்கா. அவ்வளவுதான். தொடங்கியது அப்படி.

உலகத்தை மாற்றும் திட்டம் யாரிடமும் இல்லை. ஒருவருக்கு ஒரு பழைய மனக்குறை. இன்னொருவருக்குப் பாடம் நடத்த ஒரு கருவி.

இந்த இருவரிடம்தான் மேக்லர் கேட்கிறார். கொடுத்துவிடுங்கள் என்று.

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. தயக்கம் இருந்தது என்று இஹாக்காவே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

எதற்குத் தயக்கம்? என் கணிப்பைச் சொல்கிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு, எழுதியதைத் திறந்து காட்டுவது வீட்டின் அடுக்களையைத் திறந்து காட்டுவது மாதிரி. விருந்தாளிக்குக் கூடத்தை மட்டும் காட்டலாம். அடுக்களையில் அவசரத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தவை இருக்கும். கற்றவர்கள் பார்ப்பார்கள். சூரிச்சில் பார்ப்பார்கள், பெல் ஆய்வகத்தில் பார்ப்பார்கள்.

இன்னொன்று பணம். எஸ்ஸை விலைக்கு விற்று ஒரு நிறுவனம் நடந்துகொண்டிருந்தது. இவர்களும் விற்றிருக்கலாம். வாசல் திறந்தே இருந்தது. பல வருடம் கழித்து நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரிடம் இஹாக்கா இதைப் பற்றிப் பேசினார். வணிகமாக்கியிருந்தால் ஐந்து பிரதி விற்றிருப்போம் என்றார். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அன்று அந்தக் குளிர்கால மாலையில், ஐந்தா ஐந்து லட்சமா என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, எனக்குப் பெரிதாகத் தோன்றுவது: ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. ஜி.பி.எல். ஒருவழிப் பாதை. கைவிட்டுப் போன விதைநெல் யார் வயலில் முளைக்கும், என்ன ரகமாக மாறும் என்று சொல்ல முடியாது. அது உங்கள் பெயரோடு சுற்றும். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்காது.

மேக்லர் விடவில்லை.

அவருடைய வாதங்கள் மனத்தை மாற்றிவிட்டன என்று எழுதுகிறார் இஹாக்கா. 1995 ஜூன்.

கொடுத்தார்கள்.

எஃப்.டி.பி. வழியாக ஆரின் மூலநிரல் ஆக்லாந்தை விட்டு வெளியே போனது.

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடிதங்கள் குவிந்தன. அதற்கு முன் வந்தவை புகார்கள்: இங்கே உடைகிறது, அங்கே தவறான விடை வருகிறது. இப்போது புகாரோடு சேர்ந்து மருந்தும் வந்தது. இந்த வரியை இப்படி மாற்றினேன், சரியாகிவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கிலிருந்து, ஆஸ்திரியாவிலிருந்து, அமெரிக்காவிலிருந்து. வருவதைப் படித்துப் பார்த்துச் சேர்க்க ஆக்லாந்தில் இருந்தது நாலே நாலு கைகள். பாடமும் நடத்த வேண்டும், தேர்வுத்தாளும் திருத்த வேண்டும். வேலை தேங்கியது.

1997 நடுவில் இரண்டாவது முறையாகக் கையைத் திறந்தார்கள். மூலநிரலில் நேரடியாக எழுதும் உரிமையை ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். மேக்லர் அதில் இருந்தார். கோபன்ஹேகனின் பீட்டர் டால்கார்ட் இருந்தார், விஸ்கான்சினின் டக்ளஸ் பேட்ஸ் இருந்தார். பெற்றவர்கள் இருவரும் அந்தக் குழுவில் சக உறுப்பினர்கள், அவ்வளவே. முதல் முறை கொடுத்ததைவிட இது கடினம் என்பேன். நிரலைக் கொடுப்பது வேறு, பேனாவைக் கொடுப்பது வேறு.

இங்கேதான் கதை வியன்னாவுக்குத் தாவுகிறது.

அங்கே குர்ட் ஹோர்னிக், ஃப்ரிட்ஸ் லைஷ் என்று இரண்டு பேர். அவர்கள் கவலைப்பட்டது ஆரைப் பற்றி அல்ல. ஆரின்மேல் மற்றவர்கள் எழுதிச் சேர்த்தவற்றைப் பற்றி. ஒருவர் காலவரிசை ஆய்வுக்குச் சில கட்டளைகள் எழுதித் தன் கணினியில் வைத்திருக்கிறார். இன்னொருவர் மருத்துவப் புள்ளியியலுக்கு எழுதி வேறெங்கோ வைத்திருக்கிறார். இருக்கிறது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்? எடுத்தாலும் ஓடுமா?

டெக் எழுத்தச்சுக்காரர்களுக்கும் பெர்ல் மொழிக்காரர்களுக்கும் ஏற்கெனவே பொதுக் களஞ்சியங்கள் இருந்தன. அதே வழியில் ஆருக்கும் ஒன்றைக் கட்டினார்கள். பெயர் கிரான். 1997 ஏப்ரலில் அறிவித்தபோது அதில் இருந்த பேக்கேஜ்கள் 12.

பன்னிரண்டு! ஒரு சின்ன அலமாரிக்குப் போதாது.

இனி நான் சொல்லப்போவதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் தேவைப்படும்.

ஒவ்வொரு பேக்கேஜோடும் ஒரு சீட்டு வர வேண்டும். பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, எழுதியவர் யார், என்ன உரிமம், இது ஓட வேறு எவையெல்லாம் வேண்டும். இடப்பக்கம் தலைப்பு, ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் விவரம். வரிக்கு வரி இப்படி. பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கும். இந்த வடிவத்தை ஆர்க்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

கடன் வாங்கினார்கள்.

யாரிடம்? டெபியனிடம்.

அந்தச் சீட்டைப் படிக்கும் ஆர் கட்டளையின் பெயரிலேயே டி.சி.எஃப். என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெபியன் கண்ட்ரோல் ஃபைல் என்பதன் சுருக்கம் அது. பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸேதான். நம் சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்கூட அந்த வேரில் கிளைத்ததுதான். மர்டாக் டெபியனை அறிவித்தது எப்போது தெரியுமா? 1993 ஆகஸ்ட். இஹாக்காவும் ஜென்டில்மனும் ஆரை முதன்முதலில் வெளியே காட்டியது எப்போது? அதே 1993 ஆகஸ்ட்.

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று இயங்குதளம், ஒன்று மொழி. ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். இருவரும் பின்னாளில் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள்.

எப்படி? உங்கள் கணினியிலேயே பார்ப்போம். டெபியன் போட்டிருக்கிறீர்கள். ஆர் ஓடுகிறது. இணையத்திலிருந்து தரவு இறக்க கர்ல் என்ற பேக்கேஜ் வேண்டும். ஆருக்குள் இருந்தே நிறுவும் கட்டளையைத் தட்டுகிறீர்கள். கிரானில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கம்பைல் செய்த அரிசியே தயாராக இருக்கிறது. லினக்ஸுக்கு அது தருவது விதைநெல். உங்கள் வீட்டு உரலில் நீங்களே குத்திக்கொள்ள வேண்டும். திரையில் வரிகள் ஓடுகின்றன. ஓடி ஓடி, சட்டென்று நிற்கின்றன.

லிப்கர்ல் கிடைக்கவில்லை.

கீழேயே வழியும் சொல்லியிருக்கிறார்கள், பாவம். டெபியன் என்றால் இந்தப் பெயரில் தேடுங்கள், ஃபெடோரா என்றால் அந்தப் பெயரில் தேடுங்கள் என்று. ஆரின் நிறுவிக்கு ஆர் உலகம் மட்டும்தான் தெரியும். அடியில் இயங்குதளத்தின் லைப்ரரி ஒன்று வேண்டும் என்றால் அதைக் கொண்டுவந்து வைக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரம் இருப்பவர் ஒருவர் உண்டு. ஆப்ட். டெபியனின் சொந்த நிறுவி. அதனிடம் அதே பேக்கேஜைக் கேளுங்கள். கம்பைல் செய்த பேக்கேஜையும் தருகிறது, லிப்கர்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கையொப்பத்தைச் சரிபார்த்து, உரிய இடத்தில் வைத்துவிட்டுப் போகிறது. சில நொடிதான்.

அப்படியானால் எப்போதும் ஆப்ட்தானே? அவசரப்படாதீர்கள். டெபியனின் நிலையான பதிப்பு வெளிவந்துவிட்டால் அதில் உள்ளவை பெரும்பாலும் அப்படியே உறைந்துவிடும். கிரானில் நேற்று வந்த புதுப் பதிப்பு அதில் வராது. கிரானில் உள்ள பல பேக்கேஜ்கள் டெபியனில் இருக்கவே இருக்காது. ஆகவே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? கொஞ்சம் இதில், கொஞ்சம் அதில்.

அங்கேதான் கண்ணிவெடி.

ஆப்ட் கொண்டுவருவது ஒரு பெட்டியில் விழுகிறது. நீங்கள் ஆருக்குள் இருந்து நிறுவுவது இன்னொரு பெட்டியில் விழுகிறது. தேவை வரும்போது ஆர் முதலில் கைவிடுவது உங்கள் பெட்டியில். ஒரே பேக்கேஜ் இரண்டிலும் இருந்தால், ஆப்ட் எத்தனை முறை புதுப்பித்தாலும் உங்கள் பெட்டியில் கிடக்கும் பழையதுதான் எழுந்து வரும். 2020-இல் ஆரின் நான்காம் பதிப்பு வந்தபோது, எல்லாப் பேக்கேஜையும் புதிதாக நிறுவ வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டெபியன் தன் பெட்டியில் உள்ளதை எல்லாம் தானே மறுபடி கட்டி அடுக்கியது. உங்கள் பெட்டியைத் தொடவில்லை. தொடக் கூடாது, அது உங்கள் சொத்து. காலையில் கணினியைத் திறந்தவர்களுக்கு நேற்று வரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லை.

என்னைக் கேட்டால், டெபியனில் இருக்கிறவர்கள் முதலில் ஆப்டைக் கேளுங்கள். அங்கே இல்லை என்றால் மட்டும் கிரானுக்குப் போங்கள். ஒரே பொருளை இரண்டு வாசல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பல இரவுகள் தூக்கம் கெட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஆனால் இது கையிருப்பைச் சமாளிக்கும் வழி. முடிச்சு அவிழவில்லை. ஏனென்றால் அந்த 12, பன்னிரண்டாகவே இருக்கவில்லை. நூறானது. ஆயிரமானது. இன்றைக்கு இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. டெபியன் பக்கத்தில் ஒவ்வொரு ஆர் பேக்கேஜையும் ஒரு தன்னார்வலர் எடுத்து, உரிமத்தைப் படித்து, தனியே கட்டித் தர வேண்டும். ஒரு பக்கம் ஆறு பெருக்கெடுத்து வருகிறது. மறு பக்கம் குடத்தில் மொண்டுகொண்டிருக்கிறார்கள்.

விஸ்கான்சினின் டக்ளஸ் பேட்ஸுக்குப் பிறகு டெபியனில் ஆரைக் கவனிக்கும் பொறுப்பு ஒருவர் கைக்கு வந்தது. சிகாகோ பக்கத்தில் இருப்பவர். பெயர் டர்க் எடல்பூட்டல். குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவர்களில் முன்வரிசைக்காரர்.

ஒரு கட்டத்தில் அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

கிரானில் உள்ள அத்தனையையும், ஒன்று விடாமல், ஆப்ட் கையாலேயே கொண்டுவர வைத்தால் என்ன?

இருபதாயிரம் பேக்கேஜ்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லைப்ரரிகள். ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கும் பதிப்புகள். இத்தனையையும் அவர் எப்படி…

(அடுத்த வாரம்)